ஹாப்ஸ் கசப்பா, கருகல் கசப்பா?

அன்புள்ள முரளிக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் நலம். குளிரோடு மூட்டுவலியும் வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இனி நீ கேட்ட விஷயம்.

ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) தூக்கலான, பிரவுன் ஏல் என்னும் பழுப்பு நிறக் குளிர்கால பியரைத் திறந்தால் கசப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். பியரைத் திட்டுவதற்கு முன் சொல்: ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றிவிட்டாய்தானே? 4 டிகிரி குளிரில் வாசனை கிளம்பி மூக்குக்கு வராது, மால்ட்டின் (முளைக்கவைத்து உலர்த்திய பார்லி) இனிப்பும் நாக்கில் மங்கிவிடும். மிஞ்சுவது கசப்பும் வாயுவின் சுருக்கென்ற குத்தலும்தான். லேசான லாகர் பியருக்கு அந்தக் குளிர் பரவாயில்லை. பிரவுன் ஏலுக்கு 10 முதல் 13 டிகிரி வேண்டும். பாட்டிலை வெளியே வைத்து, அறைச் சூட்டைப் பொறுத்து 20, 30 நிமிடம் விட்டுவிடு. அவ்வளவு பொறுமை இல்லையென்றால் ஊற்றிவிட்டு கிளாஸை உள்ளங்கையில் பொத்திப் பிடித்துக்கொள். முதல் வாயை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதாதே.

கிளாஸ் விஷயத்தில் ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். வாய்ப்பகுதி சற்றுக் குறுகியிருந்தால் போதும்; பாதிக்கு மேல் ஊற்றாதே, மேலே இருக்கும் வெற்றிடத்தில்தான் வாசனை தங்கும். சுத்தம்தான் முக்கியம். சோப்போ எண்ணெய்ப்பசையோ துளி இருந்தாலும் நுரை நிற்காது. ஊற்றிய பிறகு பக்கச்சுவரில் குமிழிகள் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இடம் சரியாகக் கழுவப்படவில்லை என்று அர்த்தம். சாய்த்து ஊற்றத் தொடங்கி, பாதியில் நிமிர்த்தி நடுவில் விடு. இரண்டு விரல் உயரத்துக்கு நுரை எழ வேண்டும். பாட்டிலின் அடியில் ஈஸ்ட் படிந்திருந்தால் கடைசி ஒரு விரல் அளவை அப்படியே விட்டுவிடு. அது கலங்கினால் சுவை முரடாகிவிடும்.

நுரை அடங்குவதற்குள் முகர்ந்துவிடு. ஹாப்ஸ் வாசனை சீக்கிரம் பறந்துவிடும், மால்ட் வாசனை காத்திருக்கும். நாய் மோப்பம் பிடிப்பதுபோல் சின்னச் சின்னதாக இரண்டு மூன்று முறை இழு, பிறகு மூக்கை எடுத்துவிடு. தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு மரத்துப்போகும். முதலில் ஆரஞ்சுத் தோல், பைன் பிசின் மாதிரி ஏதாவது வர வேண்டும். அதன் அடியில் வாட்டிய ரொட்டி, கோகோ, வறுத்த கொட்டை. கேஸ்கேட் ரக ஹாப்ஸ் போட்டிருந்தால் பூவும் கிரேப்ஃப்ரூட்டும் கலந்த மணம், சினூக் என்றால் பைன் முந்திக்கொள்ளும். மசாலா சேர்த்த குளிர்கால ஏல்கள் வேறு ரகம். மசாலா எதுவும் சேர்க்காத இதில் கிராம்பு வாசனை அடித்தால் பெரும்பாலும் வேண்டாத ஈஸ்ட் புகுந்திருக்கிறது.

இனி கசப்பு. இந்த பியரில் கசப்பு இரண்டு வழியாக வருகிறது, அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு வாய் எடுத்து, நாக்கு முழுவதும் படவிட்டு விழுங்கு. வாயை மூடியபடி மூக்கு வழியாக மூச்சை விடு. அந்த மூச்சில் ஆரஞ்சுத் தோலும் பிசினும் வந்தால் ஹாப்ஸ் பேசுகிறது. காபி, சாம்பல் வந்தால் வறுத்த மால்ட். அதோடு நிறுத்தாமல் அரை நிமிடம் சும்மா இரு. நல்ல ஹாப்ஸ் கசப்பு ஏறி, நின்று, சுத்தமாக இறங்கிவிடும். அடுத்த வாய்க்கு எச்சில் ஊறும். கருகல் கசப்பு இறங்காது, வறட்சியாகத் தங்கும். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இழுப்பதுபோல் இருந்தால் அது கசப்பே அல்ல, துவர்ப்பு. பார்லி உமியிலிருந்து டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இறங்கியிருக்கிறது. ஹாப்ஸ்மேல் பழி போடுவது நியாயமில்லை.

லேபிளில் ஐபியு என்னும் கசப்பு அளவு போட்டிருந்தால் பார். ஒரு ஐபியு என்பது ஏறக்குறைய லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஐசோ ஆல்ஃபா அமிலம், அதாவது ஹாப்ஸைக் கொதிக்கவைக்கும்போது உண்டாகும் கசப்புப் பொருள். பியர் போட்டிகளில் தீர்ப்புச் சொல்லும் பிஜேசிபி நடுவர்கள் பயன்படுத்தும் 2021 வழிகாட்டியில் அமெரிக்கன் பிரவுன் ஏலுக்கு 20 முதல் 30, ஹாப்ஸ் இன்னும் கூடிய பிரவுன் ஐபிஏவுக்கு 40 முதல் 70. உன் பாட்டிலில் 55 என்று இருந்தால் நீ குடித்தது பெயரளவில்தான் பிரவுன் ஏல். ஹாப்ஸ் தூக்கலான இந்தக் கிளை அமெரிக்காவில் முளைத்தது. 1927இல் வந்த நியூகாஸில் பிரவுன் ஏல் போன்ற ஆங்கிலேய பியர்களில் மால்ட்தான் எஜமானன். அமெரிக்கர்கள் அதே உடம்பில் தங்கள் ஹாப்ஸை ஏற்றினார்கள். 1986இல் வந்த பீட்ஸ் விக்கெட் ஏல் அதற்கு ஒரு அச்சு வார்த்துக் கொடுத்தது. எண் மட்டும் போதாது என்பதையும் நினைவில் வை: அதே 35 ஐபியு, 1.045 அடர்த்தியில் (புளிக்கும் முன், தண்ணீரை 1 என்று வைத்து அளப்பது; சர்க்கரை கூடினால் எண் கூடும்) தொடங்கிய மெலிந்த பியரில் கடுப்பாகவும் 1.060 பியரில் சாதுவாகவும் இருக்கும்.

அடுத்த குளிர்காலத்துக்கு இரண்டு பாட்டில் பத்திரப்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். பார்லி வைன், ஸ்ட்ராங் ஏல் போன்ற ஆல்கஹால் கூடிய பியர்களுக்குச் சொல்லும் ‘வைக்க வைக்கச் சுவை’ விதியை இதற்குப் போடாதே. வட கோளத்தில் ஹாப்ஸ் அறுவடை ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் நடக்கிறது. குளிர்கால பியரில் ஹாப்ஸை வாரிப்போடுவதற்கு அது நல்ல காரணம், புதுச் சரக்கு கைக்கு வருகிறதே! 1981 முதல் வரும் சியரா நெவாடா நிறுவனத்தின் செலிப்ரேஷன் பியர், பிரவுன் ஏல் இல்லையென்றாலும், அந்தப் புது அறுவடையை வைத்துச் செய்வதுதான். அந்த வாசனை சில மாதங்களில் போய்விடும், கசப்பு அதைவிட மெதுவாகத்தான் குறையும். பழைய பாட்டிலில் மணமில்லாத கசப்பு மட்டும் மிஞ்சுவது இதனால்தான். பிரவுன் ஏலில் இன்னொரு ஏமாற்றும் உண்டு: வெளிர் பியர் ஆக்ஸிஜன் பட்டுக் கெட்டால் அட்டை வாசனை காட்டிக்கொடுத்துவிடும், இதிலோ டாஃபி, உலர்திராட்சை மாதிரி இனிப்பு தலைதூக்கும், நாம் அதை மால்ட்டின் செழுமை என்று மெச்சிக்கொள்வோம். டாஃபி தூக்கலாகவும் ஹாப்ஸ் ஊமையாகவும் இருந்தால் முதலில் தேதியைப் பார். வெயிலில் உட்கார்ந்து குடிக்காதே. கிளாஸில் ஊற்றிய பிறகு பழுப்பு பாட்டிலின் காவல் கிடையாது, ஹாப்ஸ் பொருட்கள் வெளிச்சத்தில் உடைந்து சில நிமிடங்களிலேயே ஸ்கங்க் (நாற்றத்தைப் பீய்ச்சும் ஒரு விலங்கு) நாற்றம் வரத் தொடங்கும்.

நீயே வீட்டில் 20 லிட்டர் பியர் போடுவதாக இருந்தால், இதுதான் என் கணக்கு. பேல் மால்ட் 4.3 கிலோ, மியூனிக் 500 கிராம், நடுத்தரக் கேரமல் மால்ட் 400 கிராம், சாக்லேட் மால்ட் 200 கிராம். சாக்லேட் மால்ட்டைக் கூட்டாதே. இது மொத்தத்தில் 4 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, 5ஐத் தாண்டினால் கருகலும் ஹாப்ஸும் மல்லுக்கு நிற்கும். மேஷ் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைப்பது) 66, 67 டிகிரியில் ஒரு மணி நேரம். சாக்லேட் மால்ட்டை மட்டும் கடைசி 15 நிமிடத்தில் சேர்: நிறம் முழுதாக வரும், முரடு வராது. பிஎச் 5.2க்கும் 5.6க்கும் நடுவில் நிற்கட்டும். கடைசியில் அலசும் தண்ணீர் 77 டிகிரிக்கு மேல் போக வேண்டாம், நான் மேலே சொன்ன துவர்ப்பு அங்கிருந்துதான் வருகிறது. ஐபிஏவுக்குப் போடுவதுபோல் தண்ணீரில் ஜிப்சத்தை (கால்சியம் சல்ஃபேட்) அள்ளிப் போடாதே, சல்ஃபேட்டும் குளோரைடும் ஏறக்குறைய சமமாக இருந்தால் கசப்பு வழவழப்பாக வரும்.

ஹாப்ஸில் சினூக் 15 கிராம் 60 நிமிடக் கொதிக்கு, கேஸ்கேட் 30 கிராம் கடைசி 10 நிமிடத்துக்கு, அடுப்பை அணைத்து 80 டிகிரிக்கு இறக்கியபின் இன்னொரு 40 கிராம் கேஸ்கேட் 20 நிமிடம். எல்லாம் சேர்த்து 35 ஐபியுவுக்குப் பக்கத்தில் வரும். சுத்தமாகப் புளிக்கும் அமெரிக்கன் ஏல் ஈஸ்ட், 18 முதல் 20 டிகிரி. 1.058இல் தொடங்கி 1.014இல் நின்றால் ஆல்கஹால் 5.8 சதவீதம் இருக்கும்.

டிரை ஹாப், அதாவது கொதிக்கவைக்காமல் புளித்த பியரிலேயே போடும் ஹாப்ஸ், 60 கிராம், மூன்று நாள் போதும். ஒன்றில் மட்டும் கவனம். ஹாப்ஸில் உள்ள என்ஸைம்கள், ஈஸ்ட் தொடாமல் விட்ட மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கும். அடங்கிய நொதித்தல் திரும்பக் கிளம்பும். அந்த நேரம் பாட்டிலில் அடைத்தால் வெண்ணெய் வாசனையும் தேவைக்கு மேல் வாயுவும் வரும், பாட்டில் வெடித்தாலும் ஆச்சரியமில்லை. அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டிய பிறகு, லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை கரைத்து அடை. அடைக்கும்போது குழாயைப் பாட்டிலின் அடிவரை விடு, சலசலவென்று விழவிடாதே. அங்கே புகும் காற்றுதான் வாசனையைத் தின்னும். இரண்டு மூன்று வாரத்தில் குடிக்கத் தயாராகிவிடும், ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று மாதத்துக்குள் காலி செய்துவிடு.

இப்போது கையில் இருக்கும் அந்த இன்னொரு பாட்டிலை 12 டிகிரியில் திறந்து பார்த்துவிட்டு எழுது. அடைத்த தேதியும் ஐபியுவும் லேபிளில் இருந்தால் அதையும் சேர்த்து எழுது. தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
ரகு