பொனேர் டைவிங் பயணம்: ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் தேவை

நண்பர்களுக்கு வணக்கம்.

எந்தக் கரீபியன் தீவு என்ற பேச்சு ஒருவழியாகப் பொனேரில் வந்து நின்றிருக்கிறது. எனக்கு முழுச் சம்மதம். புயல்கள் வழக்கமாகப் போகும் பாதைக்குத் தெற்கே இருக்கும் அமைதியான தீவு. அதைவிட முக்கியமான விஷயம், அங்கே படகுக்காகக் காத்திருக்க வேண்டாம். சாலையோரம் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லில் டைவ் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். பிக்கப் வண்டியை அங்கே நிறுத்தி, சிலிண்டரை மாட்டிக்கொண்டு கரையிலிருந்தே இறங்கிவிடலாம். பல இடங்களில் மணல் இருக்காது, உடைந்த பவளக்கல்தான். அடிப்பாகம் தடித்த பூட்ஸ் இல்லாமல் வராதீர்கள். வண்டிக்குள் பணம், போன் எதையும் விட்டுவிட்டு இறங்க வேண்டாம்.

1984இல் மூழ்கிய ஹில்மா ஹூக்கர் சரக்குக் கப்பல் சுமார் 30 மீட்டர் ஆழத்தில் ஒருக்களித்துக் கிடக்கிறது. ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலை டைவிங் சான்றிதழுக்கு 18 மீட்டர்தான் எல்லை. கப்பலை முழுசாகப் பார்க்க விரும்புபவர்கள் கிளம்பும் முன்பே அதற்கு அடுத்த நிலையான அட்வான்ஸ்டு பயிற்சியை முடித்துவிடுங்கள்.

தீவைச் சுற்றியுள்ள கடல் 1979 முதல் பாதுகாக்கப்பட்ட பூங்கா. கட்டணம் கட்டி, முதலில் ஓர் அறிமுக டைவ் செய்த பிறகுதான் மற்றதெல்லாம். கையுறைக்கு அனுமதி கிடையாது. பவளத்தைத் தாக்கும் நோய் 2023இல் அங்கேயும் வந்துவிட்டது. ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்தே ஆக வேண்டும், இதில் யாரும் சோம்பல் படக்கூடாது.

அப்புறம், கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் வேண்டும். அதனால் கடைசி நாள் உப்பளங்களுக்கும் ஃபிளமிங்கோக்களுக்கும்தான்.

வருபவர்கள் பெயர், சான்றிதழ் நிலை, கடைசியாக டைவ் செய்த மாதம் மூன்றையும் இங்கேயே எழுதுங்கள்.