மழைத் தோட்டத்துக்கு எந்தக் கேமரா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கேமரா வாங்குவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தண்ணீர் புகாத, கீழே விழுந்தாலும் உடையாத சின்னக் கேமராக்களை நாலே வரியில் முடித்துவிட்டு, படம் சுமார்தான், கடற்கரைக்குச் சுற்றுலா போகிறவர்கள் வேண்டுமானால் வாங்கலாம் என்று எழுதியிருந்தார்கள். படம் சுமார் என்பது சரி, நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைச் சுற்றுலாவோடு நிறுத்தியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆறு மழைக்காலமாக அந்த மாதிரிக் கேமராவை வைத்துத்தான் வேலை பார்க்கிறேன்.

எனக்குக் கம்பம். காலையில் ஆட்களோடு ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி, கேரளத்து வண்டன்மேடு பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை. செடியில் நோயோ பூச்சியோ தெரிந்தால் படம் எடுத்து முதலாளிக்கும் மருந்து சொல்கிறவருக்கும் அனுப்ப வேண்டும். ஏலக்காயைக் கடையில் மட்டும் பார்த்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், அது கிளையில் தொங்குகிற காய் இல்லை, தூரிலிருந்து சரம் புறப்பட்டு மண்ணோடு படர்ந்து கிடக்கும், காய் அதில்தான் பிடிக்கும். அதனால் படம் எடுக்க வேண்டுமானால் சேற்றில் முழங்காலை ஊன்றி, கேமராவைத் தரையோடு தரையாக வைக்க வேண்டும், மேலே நிழல் மரம், அதற்கு மேலே மழை மேகம், பகல் பதினோரு மணிக்கும் அந்தி மாதிரி இருக்கும். மலையாளத்துக்காரர்கள் இடவப்பாதி என்று சொல்கிற ஜூன் மழை பிடித்தால் நாள்கணக்கில் விடாது.

முதலில் நான் வாங்கியது கடைக்காரர் புகழ்ந்து கொடுத்த நல்ல கேமரா. ஒரு அங்குல சென்சார் (ஒளியை வாங்கிப் படமாக்குகிற சில்லு), லென்ஸ் வெளியே நீண்டு வரும், படம் கண்ணாடி மாதிரி இருக்கும். முதல் மழைக்காலத்தில் பாதி நாள் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே கிடந்தது. இரண்டாவது ஜூனில் நீளும் குழாய்க்குள் மணல் ஏறி, லென்ஸ் பாதியில் நின்றுவிட்டது. பழுது பார்க்கக் கொடுத்தபோது உள்கண்ணாடியில் பூஞ்சையும் படர்ந்திருப்பதாகச் சொன்னார்கள், கேட்ட கூலிக்குப் பாதி கேமரா வாங்கிவிடலாம். அழுகல் நோய் தோட்டத்தில் பரவிய அந்த மாதம் என்னிடம் ஒரு படம்கூட இல்லை.

அப்புறம்தான் உறுதியான கேமராவுக்கு மாறினேன். அதன் குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த வகையில் பெரும்பாலானவற்றின் சென்சார் அகலம் 6.2 மில்லிமீட்டர், உயரம் 4.6 மில்லிமீட்டர், அவ்வளவுதான். ஒரு அங்குலம் என்று சொல்கிற சென்சார் 13.2-க்கு 8.8, பரப்பில் நாலு மடங்கு. தண்ணீர் புகக்கூடாது என்றால் லென்ஸ் வெளியே நீளக்கூடாது, அதனால் உள்ளே ஒரு பட்டகம் வைத்து ஒளியை மடக்கிக் கொண்டுபோகிறார்கள், அந்தச் சின்னப் பெட்டிக்குள் பெரிய சென்சாருக்கும் அதற்கேற்ற லென்ஸுக்கும் இடம் ஏது? முடியவே முடியாது என்று இல்லை, 2013-இல் நிக்கான் ஏடபிள்யூ1 ஒரு அங்குல சென்சாரோடு 15 மீட்டர் ஆழம் தாங்குகிற மாதிரி வந்தது, லென்ஸையும் மாற்றலாம். அந்த வரிசையைப் பிறகு மொத்தமாக நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் வேலையில் இந்தக் குறை நேராக வந்து இடிக்கிறது. அழுகல் தொடங்கும்போது காயில் நீர் கோத்த மாதிரி ஒரு புள்ளி தெரியும், நிறம் லேசாகத்தான் மாறியிருக்கும். இருட்டில் கேமரா தானாக ஐஎஸ்ஓவை (ஒளி குறைவான இடத்திலும் படம் வெளிச்சமாக வரக் கூட்டுகிற அளவு) 1600, 3200 என்று ஏற்றிக்கொண்டால் படம் முழுக்கப் புள்ளி விழும், அதைத் துடைக்கிறேன் என்று மென்பொருள் பூசி மெழுகும்போது நோய்ப் புள்ளியும் சேர்ந்து போய்விடும். ஆகவே படத் தரம் எங்களுக்கு வேண்டாத ஆடம்பரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் ஐஎஸ்ஓவை 400-க்கு மேல் விடுவதில்லை, ஜூம் செய்வதில்லை (ஜூம் செய்தால் சென்சாருக்கு வருகிற ஒளி இன்னும் குறையும்), முழங்கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, லென்ஸைச் சுற்றி மாட்டுகிற விளக்கு வளையத்தைப் போட்டு எடுக்கிறேன். ஒலிம்பஸ் டிஜி வரிசையில் லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதையும் எடுக்கலாம், கோடையில் காயைச் சொறியாக்குகிற இலைப்பேனை அப்படி எடுத்துக் காட்டினால் பார்க்கிறவர் சந்தேகமே படமாட்டார். இன்னொன்று, 2015-இல் வந்த டிஜி-4-இல் 16 மெகாபிக்சல், 2017-இல் வந்த டிஜி-5-இல், இருட்டிலும் படம் நன்றாக வரட்டும் என்று அதையே 12 ஆகக் குறைத்தார்கள். விளம்பரத்தில் பெரிய எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

போன் போதாதா என்று தோட்டத்திலேயே கேட்கிறார்கள். நல்ல போனில் படம் இதைவிட நன்றாகவே வரும், காய்ந்த கை இருந்தால். திரையில் நாலு மழைத்துளி விழுந்தால் அது தானாக எதையோ தொடும், நாம் தொட்டால் கேட்காது. பட்டன் உள்ள கேமரா கையுறையோடும் வேலை செய்யும்.

உறுதி என்று அட்டையில் போடுவதையும் அப்படியே நம்பக்கூடாது. நிக்கான் டபிள்யூ300 2.4 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும் என்பார்கள், சோதனை செய்தது 5 சென்டிமீட்டர் பிளைவுட் பலகை மேல், பாறை மேல் இல்லை. 30 மீட்டர் ஆழம் என்பதும் 60 நிமிடத்துக்குத்தான். பக்கத்துத் தோட்டத்துச் சேட்டன் வேறொரு கம்பெனிக் கேமராவின் மூடியில் ஒரு தலைமுடி சிக்கியிருந்ததைக் கவனிக்காமல் மூடிவிட்டார், ஓடையில் கழுவும்போது தண்ணீர் உள்ளே போய்விட்டது. தண்ணீர் போனால் வாரண்டி கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மழையில் நின்று மூடியைத் திறந்து பேட்டரி மாற்றினாலும் ஆபத்துதான், உள்ளே போகிற ஈரக்காற்று அடைபட்டு, அடுத்த குளிர் மழையில் கண்ணாடியின் உள்பக்கம் பனி மாதிரி படியும். நான் வீட்டில் அடுப்படிப் பக்கம் உட்கார்ந்துதான் திறப்பேன், ராத்திரி ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா பொட்டலம் போட்ட டிபன் டப்பாவில் வைப்பேன்.

படத் தரம், உறுதி இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால், மழையில் வேலை செய்கிறவர்களுக்கு நான் உறுதியைத்தான் சொல்வேன். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது கடையில் புதிதாகப் பிரித்த கேமராவை மட்டும் பார்க்காமல், இரண்டு மழைக்காலம் கண்ட கேமராவை யாரிடமாவது வாங்கிப் பாருங்கள். மூடிக்குள் இருக்கும் ரப்பர் பட்டையை வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறார்கள். அது தேனி, இடுக்கி பக்கம் எங்கே கிடைக்கும், என்ன விலை ஆகும் என்பதையும் கேட்டு எழுதினால் என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஏலத்தோட்ட சூப்பர்வைசர் ஒருவர்,
கம்பம்.