"புள்ள அழுதுச்சா சிஸ்டர்?"

பிரசவ அறைகளுக்குப் பொறுப்பான மருத்துவ அதிகாரிகளுக்கும் செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கும்,

வணக்கம். 22 வருடமாகப் பிரசவ வார்டில் செவிலியராக வேலை பார்க்கிறேன். கதவைத் திறந்து வெளியே வந்ததும் வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு நாள் விடியற்காலையில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அன்று இரவு ட்யூட்டியில் நான் ஒருத்தி, மூன்று தாய்மார்கள். அதில் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம், ரத்தசோகை வேறு, ஹீமோகுளோபின் 8.6. வலி போதவில்லை என்று வலியைக் கூட்டும் மருந்து டிரிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. 2.10-க்கு டாப்ளர் வைத்தபோது குழந்தையின் இதயத்துடிப்பு 140. அதற்குள் பக்கத்துக் கட்டிலில் பிரசவமாகி, அந்தத் தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. நான் இங்கே திரும்பியபோது மணி 3.15. துடிப்பு 80. டிரிப்பை நிறுத்தி, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, டாக்டரைக் கூப்பிட்டேன். பனிக்குடம் உடைந்து வந்த தண்ணீர் பாசிக்குளத்து நிறத்தில் இருந்தது. குழந்தை உள்ளேயே மலம் கழித்திருந்தது.

பிறந்த குழந்தை கையில் ஈரத்துணி போலத் துவண்டு கிடந்தது. துடைத்தோம், முதுகைத் தேய்த்தோம், அசைவில்லை. கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கை எடுத்து மாஸ்க்கை மூக்கு, வாய் மூடும்படி வைத்து அழுத்தினேன். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்பதைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. நான்காவது நிமிடத்தில் ஒரு விக்கல் மாதிரி முதல் மூச்சு வந்தது.

பிறந்த குழந்தையின் நிலைக்குப் பத்துக்குப் போடும் மதிப்பெண்ணான அப்கார், ஐந்தாவது நிமிடத்தில் 5. எழுதப் போன என்னிடம், "7 போடுங்க சிஸ்டர், ஆடிட் வரும்" என்றார்கள். போட்டேன். பிரசவம் எப்படிப் போகிறது என்று நேரவாரியாகக் குறிக்கும் பார்டோகிராப் தாளில் விட்டுப்போன ஒரு மணி நேரத்துப் புள்ளிகளையும் விடிந்தபிறகு நானேதான் வைத்தேன். 140, 138, 142. இது உங்களுக்கும் தெரியும். தெரியும் என்பதால்தான் வெளிப்படையாக எழுதுகிறேன்.

அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் வர்ஜீனியா அப்கார் 1952-ல் இந்த மதிப்பெண்ணை உருவாக்கினார். துடிப்பு, மூச்சு, தசையின் முறுக்கு, தூண்டினால் காட்டும் எதிர்வினை, நிறம் என ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போடச் சொன்னார். எல்லோரும் தாயையே கவனித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் குழந்தையையும் ஒருவர் கவனிக்கட்டும் என்பதற்காக வந்தது அது. இன்று கேஸ் ஷீட்டைப் புரட்டினால் 8, 9 என்று அச்சடித்த மாதிரி இருக்கிறது. எந்தக் குழந்தை துவண்டு பிறந்தது என்பதே பதிவில் இல்லாவிட்டால், ஏன் துவண்டது என்று எங்கே போய்த் தேடுவது?

காரணங்களில் பல முன்பே தெரிபவைதான். ரத்தசோகை, பி.பி., சர்க்கரை, காய்ச்சல், குறைமாதம், வளர்ச்சி குன்றிய குழந்தை, இரட்டை, தலைக்குப் பதில் கால் முன்னால் வரும் குழந்தை, இழுத்துக்கொண்டே போகும் பிரசவம். ஒன்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். இரண்டு மூன்று சேரும்போது ஆபத்து கூடுகிறது. கர்ப்பப்பை இறுகும் ஒவ்வொரு முறையும் நஞ்சுக்கொடி வழியாகப் போகும் ரத்தம் குறைகிறது. இரண்டு வலிக்கு நடுவேதான் குழந்தை தேறிக்கொள்கிறது. டிரிப்பைக் கூட்டி, பத்து நிமிடத்தில் ஐந்து வலிக்கு மேல் போனால் அந்த இடைவெளியே இல்லாமல் போய்விடும். ஏற்கெனவே வளர்ச்சி குன்றிய குழந்தைக்குக் கையிருப்பும் குறைவு. இத்தனைக்கும் நடுவில் "சீக்கிரம் வரட்டும்" என்று வயிற்றை மேலிருந்து அழுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமே செய்ய வேண்டாம் என்று சொன்ன வேலை அது. தயவுசெய்து எழுத்து மூலமாகத் தடை போடுங்கள்.

வலி முற்றிய நிலையில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறையும், முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறையும், ஒவ்வொரு முறையும் குறைந்தது ஒரு நிமிடம் முழுதாகத் துடிப்பைக் கேட்க வேண்டும். மூன்று தாய்மார்களுக்கு ஒரு செவிலியரால் இது முடியாது. டிரிப் ஓடும் தாய்க்குத் தனியாக ஓர் ஆள் கொடுங்கள். ஆள் இல்லாத இரவில், அவசரமில்லாத டிரிப்பைத் தொடங்க வேண்டாம் என்று சொல்லும் அதிகாரத்தையாவது எங்களுக்குக் கொடுங்கள்.

எந்த ஆபத்து அறிகுறியும் இல்லாத தாய்க்கும் அழாத குழந்தை பிறப்பதுண்டு. பிறக்கும் நூறில் சுமார் பத்துக் குழந்தைகளுக்கு மூச்சு எடுக்க ஏதாவது ஓர் உதவி தேவைப்படுகிறது. பெரும்பாலும் துடைத்துத் தேய்ப்பதே போதும். போதாதபோது முதல் நிமிடத்துக்குள் பேக் கைக்கு வர வேண்டும். பீரோவில் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுத்துவைக்கும் பழக்கத்தை இந்த வாரமே நிறுத்துங்கள்.

குறைந்த அப்கார் எழுதியவரிடம் விளக்கம் கேட்டு மெமோ கொடுக்காதீர்கள். அதற்குப் பதிலாக அந்தக் கேஸை மாதம் ஒருமுறை டாக்டரும் செவிலியரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கட்டும். அந்த 5-ஐ நான் திருத்தி எழுதியதால் அப்படி ஒரு கூட்டமே நடக்கவில்லை. அந்தப் பையனுக்கு இப்போது மூன்று வயது. இன்னும் பிடிக்காமல் நிற்க வரவில்லை. அவன் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் "அன்னைக்கு எல்லாம் நார்மல்னுதானே சிஸ்டர் எழுதியிருக்கு?" என்று கேட்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு பிரசவ வார்டு செவிலியர்