மாதா மாதம் 20-ம் தேதி

அன்புள்ள தம்பிக்கு,

சாமி கும்பிடுவதை விட்டபிறகு மனசு வெறிச்சென்று இருக்கிறது, சந்தோஷத்துக்கு இனி எதைப் பிடித்துக்கொள்வது என்று கேட்டிருந்தாய். பழங்காலக் கிரேக்க நகரமான ஏதென்ஸில் எபிகூரஸ் என்ற தத்துவஞானி காட்டிய வழி உனக்குக் கைகொடுக்கும். தெய்வங்கள் உண்டு, ஆனால் நம் காரியங்களில் தலையிடுவதில்லை என்றவர் அவர். அப்படியென்றால் நம் சுகதுக்கத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு தாளில் உன் ஆசைகளை ஒன்றுவிடாமல் எழுது. சம்பள உயர்வு, நல்ல தூக்கம், பிரியாணி, ஊரில் நாலு பேர் மதிப்பது, எல்லாம். ஒவ்வொன்றுக்கும் எபிகூரஸின் கேள்வியைப் போடு: இது நிறைவேறினால் எனக்கு என்ன ஆகும்? நிறைவேறாவிட்டால் என்ன ஆகும்? கிடைக்காமல் உடம்போ மனசோ நோகும் என்றால் அது இயல்பானது, அவசியமானது. பசிக்குச் சோறு, குளிருக்குத் துணி. கிடைத்தால் ருசி, கிடைக்காவிட்டாலும் நோவு இல்லை என்றால் இயல்பானது, அவசியமில்லை. பிரியாணி இங்கே வரும். மூன்றாவது வகை புகழ், பதவி, சிலை. வயிறு நிறைந்தால் பசி நின்றுவிடும். புகழாசைக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. ஆயுசு கரைவது அங்கேதான்.

பலர் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். ஒன்று, எல்லாவற்றையும் வெட்டிவிடுவது. எளிமைக்கும் அளவு உண்டு, அதைப் பாராதவன் ஆடம்பரக்காரனைப் போலவே தவறுகிறான் என்று அவர் எச்சரித்தார். ரொட்டியும் தண்ணீரும் போதும் என்றவர்தான், ஒரு சின்னச் சட்டி பாலாடைக்கட்டி அனுப்பு, நினைத்தபோது விருந்து வைத்துக்கொள்வேன் என்று நண்பருக்கு எழுதினார்.

இன்னொன்று பெரிய தவறு: நட்பை, நேரம் மிச்சமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டாம் வகையில் போடுவது. எபிகூரஸுக்கு நட்பில்லாமல் மகிழ்ச்சியே இல்லை. கி.மு. 306 வாக்கில் 80 மினா (அன்றைய கிரேக்கப் பணம்) கொடுத்து வாங்கிய தோட்டத்தில் பெண்களும் அடிமைகளும் அவரோடு சேர்ந்து தத்துவம் படித்தார்கள். மீஸ் என்ற அடிமைக்குத் தன் உயிலில் விடுதலை எழுதிவைத்தார். சொத்தை மட்டும் பொதுவில் வைக்க அவர் சம்மதிக்கவில்லை. ஒருவரை ஒருவர் நம்பாதவர்களுக்குத்தான் அது தேவை என்பார். டெமெட்ரியஸ் என்ற அரசன் ஏதென்ஸை முற்றுகையிட்டு ஊரே பட்டினி கிடந்தபோது, எபிகூரஸ் கையிருப்பில் இருந்த அவரைக்காய் விதைகளை எண்ணியெண்ணித் தன்னோடு இருந்தவர்களுக்குப் பங்கிட்டார். அந்தக் கைகளை நினைத்துப்பார் தம்பி. ஆளுக்கு இத்தனை விதை, தனக்கும் அதே கணக்கில்தான் இருந்திருக்கும்.

தோட்டத்துக்காரர்கள் மாதா மாதம் 20-ம் தேதி கூடுவார்கள். நீயும் ஒரு தேதியைப் பிடி. ஒவ்வொரு தடவையும் எல்லோருடைய வசதியையும் கேட்டு நாள் குறித்தால் மூன்றாம் மாதமே நின்றுவிடும், தேதி மாறவே கூடாது. நாலைந்து பேர் போதும். அதற்கு மேல் போனால் பேச்சு துண்டு துண்டாகப் பிரியும். என்ன சமைப்பது என்று யோசிக்குமுன் யாரோடு சாப்பிடுவது என்று யோசி. ரசமும் அப்பளமும் போதும். பண்டம் கூடினால் கூப்பிட்டவருக்கே அது சுமையாகிவிடும், அடுத்த மாதம் தள்ளிப்போடத் தோன்றும்.

அடுத்த 20-ம் தேதி என்ன கிழமை என்று பார்த்து வை.

அன்புடன்,
அண்ணன்