ஏழு மீட்டர் ஆழத்தில் குளிர்காலம்

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது.

போன மாதம் மண்ணில் மூன்று வெப்பமானிகளைப் புதைத்தேன். ஒன்று மேற்பரப்பை ஒட்டி, ஒன்று 12 செ.மீ. ஆழத்தில், இன்னொன்று 35 செ.மீ.யில். ஒரு வாரம் மணிக்கு ஒருமுறை குறித்தேன். 12 செ.மீ.யில் உச்ச வெப்பம் ஏறக்குறைய நான்கு மணி நேரம் பிந்தி வருகிறது. ஏற்ற இறக்கமும் மேலே இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். 35 செ.மீ.க்கு மதிய வெயில் போய்ச் சேரும்போது மேலே நள்ளிரவு! அதுவும் வெறும் 5 சதவீதமாகத் தேய்ந்து.

1807-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபூரியே வெப்பம் பரவுவதைப் பற்றி எழுதிய சமன்பாட்டைக் கல்லூரியில் மனப்பாடம் செய்தோமே, அது காலடியிலேயே நடக்கிறது. ஒவ்வொரு மண்ணடுக்கும் தன்னைவிடக் குளிர்ந்த பக்கத்துக்குத்தான் வெப்பத்தைக் கொடுக்கும். இரவில் மேற்பரப்பு குளிர்ந்ததும், பகலில் உள்ளே போனதில் பெரும்பகுதி திரும்ப மேலே வந்துவிடுகிறது. ஏற்ற இறக்கம் இரண்டு மடங்கு ஆழம் இறங்க வேண்டுமென்றால், அதன் ஒரு சுற்று நான்கு மடங்கு நீளமாக இருக்க வேண்டும். ஓர் ஆண்டின் ஏற்ற இறக்கம் ஒரு நாளுடையதைவிட 365 மடங்கு மெதுவானது; ஆனால் அது இறங்கும் ஆழம் 19 மடங்குதான் அதிகம். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: சுமார் 7 மீட்டரில் பருவமே தலைகீழ். மேலே கோடை உச்சத்தில் இருக்கும்போது அங்கே குளிர்காலம், மிக மெலிதாக. மண்ணைப் பொறுத்து இந்த ஆழம் கூடும், குறையும்.

இதே சமன்பாட்டைத்தான் 1855-இல் ஃபிக் என்ற ஜெர்மன் உடலியலாளர் நீரில் உப்பு பரவுவதற்குப் பொருத்தினார். அப்புறம், ஊதுவத்தி வாசனை அறை முழுக்கப் பரவுவதை விரவலுக்கு, அதாவது துகள்கள் தாமாகவே கலந்து பரவுவதற்கு, உதாரணமாகச் சொல்லிக்கொடுத்தார்களே, அது சரியில்லை என்றே நினைக்கிறேன். காற்று துளியும் அசையாவிட்டால் ஐந்து மீட்டர் கடக்க நாட்கணக்கில் ஆகும். வாசனையைச் சுமந்து வருவது காற்றோட்டம்தான். மண்ணுக்குள் அப்படி எதுவும் கிளறிவிடுவதில்லை, அதனால் கணக்கு இவ்வளவு சுத்தமாக வருகிறது.

இப்போது மண் காய்ந்து கிடக்கிறது. ஈரம் இறங்கினால் மண் துகள்களுக்கு இடையே காற்று இருந்த இடத்தில் நீர் வரும், வெப்பம் வேகமாகக் கடக்கும். ஆனால் முழுக்க ஊறிவிட்டால் நீரைச் சூடாக்கவே நிறைய வெப்பம் போய்விடும். எந்த ஈரத்தில் அந்த நான்கு மணி நேரம் மிகவும் குறைகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு நல்ல மழை பெய்யட்டும், அளந்து எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்