"ஜெபிச்சுட்டு இருக்கேன் சித்தி"ன்னு சொல்லுத உனக்கு

மக்ளே,

அந்த பதினஞ்சு சென்ட் நிலம் விக்கிற காரியம் என்னாச்சுன்னு கேட்டா ஒவ்வொரு தடவையும் "ஜெபிச்சுட்டு இருக்கேன் சித்தி, இன்னும் தெளிவு கிடைக்கல"ன்னு சொல்லுத, அதான் வாட்சாப்ல எழுதாம இங்க எழுதுதேன், உன்னப்போல தெளிவுக்கு காத்துட்டு இருக்கவங்க நம்ம சபையிலயே நிறைய பேரு உண்டு. உனக்க பேர போடல, பயப்படாத.

என்ன தெளிவு வேணும் மக்ளே? அது ஏலாவ, நெல்லு வெளஞ்ச வயல, மண்ணடிச்சு நிரப்புன இடம். 2021 நவம்பர் மழையில முழங்கால் அளவுக்கு தண்ணி நின்னுச்சு, நீதான் வீடியோ எடுத்து குடும்ப குரூப்ல போட்ட. வாங்கப் போற பய்யன் சவுதியில வேல பாக்கான், அவனுக்க அம்மா சித்திரை வெயில்ல வந்து பாத்துட்டு நல்ல உணங்கின மண்ணுன்னு சந்தோஷமா போயிருக்காங்க. உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லணும்னு மத்தேயு 5:37-ல சொல்லியாச்சு, சண்டே ஸ்கூல்ல நீ மனப்பாடமா ஒப்பிச்ச வசனம், இதுக்கு மேல ஆண்டவர் தனியா உனக்கு லெட்டர் போடணுமா?

எரேமியா 42 ஒருக்கா வாசிச்சுப் பாரு. எருசலேம் விழுந்ததுக்கு அப்புறம் மிஞ்சின ஜனங்க தீர்க்கதரிசிகிட்ட வந்து எங்களுக்காக ஜெபம் பண்ணும், நல்லதோ கெட்டதோ கர்த்தர் சொல்லுறத கேப்போம்னு சத்தியம் பண்ணுதாங்க. ஆனா அதுக்கு முந்தின அதிகாரத்துலயே எகிப்துக்கு போக பெத்லகேம் பக்கம் வந்து தங்கியாச்சு! பத்து நாள் கழிச்சு, போகாதீங்கன்னு பதில் வந்ததும் நீ பொய் சொல்லுதன்னு எரேமியா மேலயே திரும்பிட்டாங்க. மூட்டைய கட்டி வச்சுட்டு வழி கேக்குற ஜெபம் நம்ம ஊர்ல ரொம்ப சாதாரணம், கல்யாணத்துக்கு வேண்டாம்னு சொல்ல மனசில்லாட்டியும் "ஜெபிச்சிட்டு சொல்லுதோம்"தான், கடன் கேட்டு வந்தவன அனுப்பவும் அதே வார்த்தைதான். (பாவம் ஆண்டவர்.)

அப்புறம் அந்த அடையாளம். வெள்ளிக்கிழமைக்குள்ள புரோக்கர் கூப்பிட்டா இது தேவசித்தம்னு வச்சிருக்கியாமே, கமிஷன் உள்ளவன் கூப்பிடாம இருப்பானா? பைபிள்ல கிதியோனும் ஆட்டுத்தோல களத்துல போட்டு அடையாளம் கேட்டான்னு சொல்லுவ, அவனுக்கு என்ன செய்யணும்னு அதுக்கு முன்னாடியே கர்த்தர் சொல்லிட்டாரு, நம்பிக்கை பத்தாமதான் தோல் ஒருக்கா நனையணும், ஒருக்கா உணங்கி இருக்கணும்னு மாத்தி மாத்தி கேட்டான், அத நல்ல பழக்கமா எடுத்துக்காத.

உனக்கு பயம், வேற ஒண்ணும் இல்ல. அப்ப பயத்த சொல்லி ஜெபி. "ஆண்டவரே உண்மைய சொன்னா லட்சக்கணக்குல கொறையும், தங்கச்சி கல்யாணக் கடன் நிக்குது, எனக்கு அந்தக் காசு வேணும்"னு அப்படியே சொல்லு, நல்ல பாஷையெல்லாம் தேடாண்டாம். நெகேமியாவப் பாரு, ராஜா என்ன வேணும்னு கேக்கான், இவன் பதில் சொல்லுறதுக்குள்ள பரலோகத்தின் தேவன நோக்கி ஒரு ஜெபம், அந்த ஒரு மூச்சுதான். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு நாலு மாசம் அழுது உபவாசம் பண்ணினவன், அதனாலதான் அந்த ஒரு மூச்சு போதும்.

பத்திரத்துல தொகைய கொறச்சு காட்டலாம்னு புரோக்கர் சொன்னதுக்கும் பதில் அந்த மத்தேயு வசனத்துலயே இருக்கு, தனியா எழுதல.

மத்தபடி வித்த காச கடனுக்கு கொடுக்கவா ரப்பர் மரம் மாத்தி வைக்கவா, பிள்ளைய நாகர்கோவில்ல சேக்கவா மார்த்தாண்டத்துலயா, இதுக்கெல்லாம் வானத்துல இருந்து சத்தம் வரணும்னு காத்திருக்காத. கணக்கு பாரு, உனக்க பெண்டாட்டிகிட்ட கேளு, விவரம் தெரிஞ்ச மூப்பர் யாரோடயாவது பேசு. அப்போஸ்தலர் 15-ல "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது"ன்னு எழுதினவங்க கூட உக்காந்து நல்லா வாக்குவாதம் பண்ணினவங்கதான். நியூ இயர் ராத்திரி சபையில எடுத்த, வசனம் எழுதின வாக்குத்தத்த கார்ட வச்சு நிலம் விக்கிற தேதி குறிக்காத, அவ்வளவுதான்.

போன தடவ யூத் கூட காற்றாடிமலைக்கு போய் போட்டோ போட்டியே, நம்ம சபைக்காரர் இல்லன்னாலும் தேவசகாயம் பிள்ளைய பத்தி பெருசா எழுதியிருந்த. விசுவாசத்த விட மாட்டேன்னு நின்னதுக்கு 1752-ல அவர அங்க வச்சு சுட்டாங்க. உனக்கு எவனும் துப்பாக்கி காட்டல மக்ளே, விலைதான் கொறையும்.

அந்த வீடியோவ தேடி எடு, அவனுக்கு அனுப்பு, மழைக்கு இப்படி நிக்கும், வீடு கட்டணும்னா இன்னும் உயத்தி மண்ணடிக்கணும்னு சொல்லு, வேண்டாம்னு சொன்னா விடு, அடுத்தால வாறவன்கிட்டயும் இதே சொல்லு. இன்னைக்கே கூப்பிடு, அங்க நமக்கு ரெண்டரை மணி நேரம் பின்னாடி, டூட்டி முடிஞ்சு ரூமுக்கு வாற நேரம் பாத்து கூப்பிடு, கேட்டியா.

உனக்க சித்தி