துறைமுகம் விபத்தன்று மட்டும் செய்தியாவது ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். துறைமுகங்களின் வளர்ச்சி பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, அவை ஓராண்டில் கையாளும் சரக்கின் எடையையும் பெட்டகங்களின் (கன்டெய்னர்களின்) எண்ணிக்கையையும் கொண்டே அவற்றை மதிப்பிட்டிருந்தது. துறைமுகத்தை நடத்துவோருக்கு அந்த அளவுகோல் போதுமானதாக இருக்கலாம்; மதிலுக்கு இப்பால் குடியிருப்பவருக்கு அது எதையும் சொல்வதில்லை.

உலக வணிகச் சரக்கில், அளவின்படி பார்த்தால், 80 விழுக்காட்டுக்கும் மேல் கடல்வழியே செல்கிறது. அப்படியிருந்தும், ஏதேனும் கெட்டுப்போகும் நாளில்தான் துறைமுகம் மக்கள் பேச்சில் இடம்பெறுகிறது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட்டில் ஆண்டுக்கணக்காகக் கிடங்கில் கிடந்த அமோனியம் நைட்ரேட் வெடித்து 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகே, துறைமுகக் கிடங்குகளில் என்னென்ன தேங்கிக் கிடக்கின்றன என்று பல நாடுகள் தேடிப் பார்த்தன. 2021இல் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களுக்கு வெளியே கப்பல்கள் இடமின்றிக் காத்து நின்றபோதுதான், கடைகளில் பொருள் வந்து சேர்வதற்கும் துறைமுகத்தில் கப்பல் நிற்க இடம் கிடைப்பதற்கும் உள்ள தொடர்பு பலருக்குப் புரிந்தது.

இந்த மறதிக்கு மக்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 1956 ஏப்ரலில், பெட்டகக் கப்பல் போக்குவரத்துக்கு வழிதிறந்த ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் 58 பெட்டகங்களுடன் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டதற்கு முன்பு, மூட்டை மூட்டையாகச் சரக்கை இறக்கப் பெருங்கூட்டமான தொழிலாளர்கள் நாள்கணக்கில் உழைத்தார்கள். அவர்களுடைய கூலி துறைமுகத்தை ஒட்டிய தெருக்களிலேயே செலவானது. பெட்டகக் கப்பல்களுக்கோ ஆழமான நீரும் பரந்த வெளியும் தேவைப்பட்டன. ஆட்கள் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. லண்டன் நகரையொட்டிய பழைய கப்பல்துறைகள் 1960களின் பிற்பகுதியிலிருந்து ஒவ்வொன்றாக மூடப்பட்டு, 1981இல் ராயல் துறைகளோடு அந்தக் கதை முடிந்தது. எஞ்சிய துறைமுகங்களைச் சுற்றி, 2004 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுப் பாதுகாப்பு விதிகளால் வேலிகளும் நுழைவுச் சீட்டுகளும் இறுகின. கண்ணில் படாத ஓர் இடத்தின் மீது மக்களுக்குப் பற்று எங்கிருந்து வரும்?

இதைவிடக் கடினமான சிக்கல் ஒன்று உண்டு. துறைமுகத்தின் பயன் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆலைகளுக்கும் நுகர்வோருக்கும் பரவிச் சென்றுவிடுகிறது; லாரி நெரிசலும் இரவுநேர இரைச்சலும், துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களில் மின்சாரத்துக்காக ஓடும் துணை எந்திரங்கள் கக்கும் புகையும் பக்கத்து ஊருக்கே மிஞ்சுகின்றன. இதைச் சுட்டிக்காட்டினால், மறைமுக வேலைவாய்ப்பு இத்தனை லட்சம் என்று ஒரு பெரிய எண்ணை எடுத்து நீட்டுகிறார்கள். அத்தகைய கணக்குகள் பலவற்றில், துறைமுகம் இல்லாவிட்டாலும் நடந்திருக்கக்கூடிய வேலைகளும் சேர்ந்துவிடுகின்றன என்பதால் எனக்கு அவற்றின் மீது நம்பிக்கை குறைவு.

ராட்டர்டாமில் ஒவ்வொரு செப்டம்பரிலும் துறைமுகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்து காட்டுகிறார்கள். ஹாம்பர்க்கில் மே மாதம் துறைமுகத்தின் பிறந்தநாளே பெருவிழாவாகிறது. இவை நல்ல வழக்கங்கள்தாம், ஆனால் விழா முடிந்த மறுநாளும் புகை அப்படியே இருந்தால் மதிப்பு உயராது. நிற்கும் கப்பல்களுக்குக் கரையிலிருந்தே மின்சாரம் தந்து எந்திரங்களை அணைக்கச் செய்யும் ஏற்பாடு, எந்த விளம்பரத்தையும்விட அக்கம்பக்கத்தாரிடம் எடுபடும்.

எனவே, அடுத்த முறை ஒரு துறைமுகத்தின் சாதனையை வெளியிடும்போது, அங்கே ஒரு லாரி வாயிலில் சராசரியாக எத்தனை மணி நேரம் காத்திருக்கிறது, வந்த கப்பல்களில் எத்தனை கரை மின்சாரத்தைப் பயன்படுத்தின, சுற்றுப்புறக் காற்றின் அளவீடு என்ன ஆகிய மூன்றையும் நிர்வாகத்திடம் கேட்டுப் பெற்று, பெட்டக எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தர மறுத்தால், மறுத்தார்கள் என்பதையும் வெளியிடலாம்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்